லிஃப்ட் கின்னும் ஒன்றரையடிக் கடலும்

"முப்பத்தோரு வருஷமா இந்த ஊரையே பெட்டியிலேருந்து தொறந்து வெளிய விட்டவன்டா நான்! என்னை அடைச்சு வைக்கிற பெட்டியை இனிமேத்தான் எவனாவது செய்யணும்!"

ஹாங்காங் லிஃப்ட் மெக்கானிக்குகளில் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரான யாவ் சாய்-கின், தமது ஓய்வு விருந்தில், ஆவியில் வெந்த மீன் மேசைக்கு வந்த வேளையில் எழுந்து நின்று உலகுக்கு அறிவித்த செய்தி இது. உலகு என்றால் பன்னிரண்டு பேர். அவர்களில் பாதிப் பேர் மீனின் கன்னச் சதை யார் தட்டுக்குப் போகிறது என்பதில் கவனமாக இருந்தார்கள். மகத்தான வாக்குகள் எப்போதுமே இப்படி மென்றுகொண்டிருக்கும் வாய்களுக்கு நடுவில்தான் பிறக்கின்றன.

முழுதாகக் காதுகொடுத்துக் கேட்டவள் அவர் மனைவி வான்-பிங் ஒருத்திதான். அவளுக்குக் காரணம் இருந்தது. அவர்கள் கல்யாண விருந்தன்று, வறுத்த பன்றிக்குட்டியும் அதைத் தூக்கிவந்த அவளுடைய மாமாவும் உணவக லிஃப்டில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுப் போனார். மாமா வெளியே வந்தார், பன்றிக்குட்டி வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு அடுத்த அழைப்பும் வந்தது. அன்று தொடங்கியது. இருபத்தாறு வருடம் எந்தச் சினிமாவும் முடிவுவரை பார்த்ததில்லை, எந்தக் கடற்கரையிலும் கால் முழுதாக நனைந்ததில்லை. எங்காவது யாராவது மாட்டிக்கொள்வார்கள், இவர் போய்விடுவார். அவள் காத்திருப்பாள்.

அதனால் விருந்து முடிந்த மறுவாரமே அவள் ஒரு சுற்றுலாக் குழுவில் இரண்டு இடம் பதிந்தாள். ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோ, பத்து நாள். அவளுக்குப் பனி பார்க்க வேண்டும். தனியாகப் போய்ப் பார்ப்பதென்றால் எப்போதோ பார்த்திருப்பாள். கின்னோடு நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"போயிடலாம் கிழவி," என்றார் கின். "பத்து நாள் என்ன, ஒரு மாசம்கூட இருப்பேன். இனிமே என்னைக் கூப்பிட யாரு இருக்கா?"

ஓய்வு என்பது சும்மா இருப்பது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் வாரமே வீட்டிலிருந்த எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டார். நான்காம் வாரம் வளர்ப்பு மீன் விற்கும் தெருவுக்குப் போனார். கடைவாசல்களில் வரிசையாகத் தொங்கிய பிளாஸ்டிக் பைகளுக்குள் மீன்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அடைபட்டவர்களைக் கண்டால் நின்றுவிடுவது அவருடைய தொழில் புத்தி. நின்றார். ச்சோய் அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் ஒருத்தியின் கடைக்குள் ஒன்றரையடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் பவளங்கள் ஊதா வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருந்தன.

"இதுல என்ன வேலை இருக்கு? தண்ணி ஊத்தணும், உப்புப் போடணும். சூப்பு வைக்கிற மாதிரிதானே?"

"சூப்புக்கு உயிர் கிடையாது அண்ணே," என்றாள் ச்சோய் அக்கா. "முதல்ல கல்லை மட்டும்தான் வைக்கணும். கல்லுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி, புழு, நத்தை எல்லாம் இருக்கும். அதுங்க தண்ணியைப் பக்குவம் பண்ணட்டும். ஒரு மாசத்துக்கு மீன் கீன்னு இங்க வந்து நிக்கக் கூடாது."

"ஒரு மாசம் கல்லையே பாத்துக்கிட்டா உக்காரச் சொல்ற?"

"ஏன், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகலையா?"

தொட்டியும் விளக்கும் நான்கு கற்களும் பதினேழாம் மாடிக்கு ஏறின. முந்நூறு சதுர அடிக்குச் சற்றே குறைந்த அந்த அரண்மனையில் தொட்டிக்கு உகந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செருப்பு அலமாரியைக் கதவுப் பக்கமாகத் திருப்பி, அதன்மேல் வைத்தார். அன்றுமுதல் வாசல் கதவு பாதிதான் திறந்தது. வருகிறவர்கள் நண்டுபோலப் பக்கவாட்டில் நுழைந்தார்கள்.

உப்பு மட்டும் இன்னும் வாங்கவில்லை. தேநீர்க் கடையில் அதைச் சொன்னபோதுதான், அதே மாடியில் குடியிருக்கும் ஷெக், பால் தேநீர்க் கோப்பையை ஓங்கி வைத்தார்.

"அட மடையா! உப்பை மூட்டையா வாங்கித் தண்ணியில கரைக்கப் போறியா? நம்ம கக்கூஸ் தொட்டியில வர்றது என்னவாம், மழைத்தண்ணியா? கடல்டா! நேரா துறைமுகத்துலேருந்து பம்ப் வெச்சு உன் மாடிக்கு ஏத்தி விடறான். நீ பட்டனை அமுக்கி அமுக்கி அதைக் கீழ அனுப்பிட்டு, கடைக்குப் போய் உப்பு வாங்கப் போற!"

கின் யோசித்தார். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் கிடைக்காத வசதி அல்லவா இது? இத்தனை நாள் கடலின் மேல் உட்கார்ந்திருந்தும் புத்திக்கு எட்டவில்லையே என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

வரலாற்றின் நேர்மை கருதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் தண்ணீர் எடுத்தது பீங்கானிலிருந்து அல்ல. சுவர்க் குழாயிலிருந்து, புது ரப்பர் குழாய் மாட்டி, சுத்தமாக எடுத்தார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. நீச்சல்குளத்து வாசனை லேசாக வந்தது. அதைச் சுத்தத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வீட்டில் வேறு வாசனை வந்தது. வான்-பிங் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். கற்களிலிருந்து வெள்ளையாக என்னென்னவோ பிரிந்து மிதந்தது. கின் ஒரு கல்லைப் பையில் போட்டு ச்சோய் அக்காவிடம் எடுத்து ஓடினார்.

"என்ன தண்ணி அண்ணே ஊத்தினீங்க?"

கின் சொன்னார். கடையில் இருந்த மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ கடவுளே! அதுல குளோரின் போடுறாங்களே! குழாய்ல சிப்பியும் பாசியும் பிடிக்கக் கூடாதுன்னு, உள்ள எதுவும் உயிரோட இருக்கக் கூடாதுன்னுதானே போடுறதே! ஊரு முழுக்கக் கக்கூஸ் கழுவுற தண்ணியை..." அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கின்னுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தோரு வருடத்தில் அவர் பொறுப்பிலிருந்த எந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு உயிர்கூடப் பலியானதில்லை. பிள்ளைத்தாய்ச்சி, இதய நோயாளி, நாய், கூண்டோடு குருவி, எல்லாரையும் உயிரோடுதான் வெளியே எடுத்திருக்கிறார். இப்போது ஒன்றரையடிப் பெட்டியில், எண்ணிக்கை தெரியாத ஒரு கூட்டத்தையே கொன்றுவிட்டு நிற்கிறார்.

ச்சோய் அக்கா கல்லைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக ஒன்று சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது போகலை. பொத்தான் பவளம். மூடிக்கிட்டுக் கிடக்கு."

"தொறக்குமா?"

"அதுக்கா தோணுச்சுன்னா தொறக்கும்."

எந்த மூடிய கதவையும் பதினைந்து நிமிடத்துக்குள் திறந்துவிடும் மனிதரிடம், கதவு தானாகத் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. உப்பு வாங்கினார். வடிகட்டிய நல்ல தண்ணீரில் கரைத்தார், அளவுமானியில் பார்த்தார், மறுபடி பார்த்தார். செத்ததையெல்லாம் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள் மதியம், சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது, பொத்தான் திறந்தது. பச்சையாக, சுற்றிலும் மயிரிழை மாதிரி விரல்களோடு.

"வான்-பிங்! ஏ வான்-பிங்! இங்க வா!"

அவள் கரண்டியோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். "இத்தனூண்டுக்கா இந்தக் கத்து கத்தின? நான் யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

மாட்டிக்கொண்டது உண்மைதான். யார் என்பதைத்தான் அவள் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு நாயகரின் வாழ்க்கை மேலும் மேலும் சிறியதாகிப் பெருமை பெற்றது. குளிர்காலத்து வறண்ட காற்றில் தொட்டித் தண்ணீர் தினம் இரண்டு கோப்பை ஆவியாகிவிடும். ஆனால் உப்பு ஆவியாகாது. அப்படியே விட்டால் கடல் ஊறுகாயாகிவிடும். காலையில் ஒரு கோப்பை நல்ல தண்ணீர், மாலையில் ஒரு கோப்பை. சூடு இருபத்தைந்தில் நிற்கிறதா, பம்ப்புக்குள் பாசி அடைக்கிறதா, விளக்கு நேரத்துக்கு அணைகிறதா? முதலில் மலையேற்றம் நின்றது. பிறகு மாஜோங் ஆட்டம் நின்றது. பிறகு தேநீர்க் கடைக்குப் போவது பத்து நிமிடமாகி, அதுவும் கடைசியில் கட்டிவாங்கி வருவதாகி முடிந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. ஒரு மாதம் கழித்து ச்சோய் அக்காவே தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது மீன் விடலாம் என்றாள். "வேணாம், அதுக்கு இடைஞ்சல்," என்றுவிட்டார்.

பக்கவாட்டில் நுழைந்த ஷெக் தொட்டியைத் தேடு தேடென்று தேடினார்.

"மீன் எங்கடா?"

"மீன் இல்ல."

"அப்ப இது என்ன தொட்டி?"

"கல்லுத் தொட்டி."

"கல்லுக்கு எதுக்குடா ஹீட்டரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வான்-பிங்கிடம், "அண்ணி, இவனை லிஃப்ட் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுங்க," என்றார்.

ஜனவரி வந்தது. வான்-பிங் கம்பளிச் சட்டைகள் வாங்கினாள். அவருக்குக் காதுமடல் மூடும் தொப்பி ஒன்றும் வாங்கினாள். இருவருக்கும் சேர்த்து ஒரு பெரிய பெட்டி. பத்து நாள் தண்ணீருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமோ என்னவோ.

கின் சும்மா இருக்கவில்லை. பழைய மிதவை, வால்வு, கம்பி எல்லாம் சேர்த்து, தண்ணீர் குறைந்தால் தானே ஊற்றிக்கொள்ளும் கருவி ஒன்று செய்தார். இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடப் பிசகவில்லை.

"அப்புறம் என்ன?" என்றாள் வான்-பிங். "நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது," என்றார் கின் சோகமாக. "நான் போய்த் தொறந்த அத்தனை லிஃப்டும் முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. ஒவ்வொண்ணுலயும் சோதனை பண்ணி ஒட்டின சீட்டு இருந்துச்சு."

"ஷெக்கிட்ட சாவியைக் குடுத்துட்டு வா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஊத்த மாட்டாரா?"

"எந்தக் குழாயிலேருந்து ஊத்துவான்?"

"ஆனா நீ வர்ற," என்றாள்.

"வர்றேன் வர்றேன். நான் வரலைன்னு சொன்னேனா?"

புறப்படும் நாள் காலை. விமானநிலையப் பேருந்து ஏழு நாற்பதுக்கு. கின் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கருவிக்குத் தண்ணீர் நிரப்பியாயிற்று, ஷெக்குக்கு மூன்று பக்கம் எழுதி வைத்தாயிற்று. பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வாங்கியபோது காலியாக, அமுக்கிச் சாய்த்து உள்ளே கொண்டுவந்த பெட்டி. இப்போது இரண்டு பேர் குளிர் அதற்குள் இருந்தது. பாதி திறந்த கதவில் அது பாதிதான் போயிற்று.

நிமிர்த்திப் பார்த்தார்கள். படுக்கவைத்துப் பார்த்தார்கள். வான்-பிங் காலால் உதைத்துப் பார்த்தாள்.

"தொட்டியைக் கொஞ்சம் நகத்தினா போதும்."

"நகத்த முடியாது. தண்ணியோட அம்பது கிலோ. தண்ணியை இறைச்சா அதுங்க மூடிக்கும். இப்பத்தான் நாலாவது முளைச்சிருக்கு."

"அப்ப பெட்டியைப் பிரிச்சு, துணியைத் துணியா வெளிய வெச்சு..."

"இரு," என்றார் கின். முகத்தில் பழைய களை வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கீழ்க் கீல், மேல் கீல், நடுக் கீல். நான்கு நிமிடத்தில் கதவு முழுசாகக் கையோடு வந்தது. அதைச் சுவரில் சாய்த்தார். பெட்டி தடையின்றி உருண்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றது. வான்-பிங்கும் அதன் பின்னால் நேராகவே நடந்து வெளியே போனாள்.

கின் உள்ளே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ கிளம்பு. நான் இதை மாட்டிட்டுப் பின்னாலயே வர்றேன். கதவில்லாம எப்படிப் போட்டுட்டு வர்றது?"

அவள் அவரைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அங்கே நான்கு பொத்தான்களும் காலை வெளிச்சத்துக்கு விரிந்திருந்தன.

"எவ்ளோ நேரமாகும்?"

"கதவுதானே."

அவள் கைப்பையைத் திறந்தாள். "உன் பாஸ்போர்ட்டு என்கிட்டயே இருக்கட்டுமா, இல்ல உன்கிட்ட குடுக்கவா?"

கின் தரையில் ஒரு திருகாணியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"இங்கயே வெச்சுட்டுப் போ," என்றார்.

வான்-பிங் அதைச் செருப்பு அலமாரியில், உப்பு அளவுமானிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பெட்டியின் வெளிப்பையிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டி, காதுமடல்கள் இரண்டையும் இழுத்துவிட்டாள்.

"கதவில்லாத வீடு. குளிரும்," என்றாள்.

லிஃப்ட் வந்தது. அவளும் பெட்டியும் ஏறினார்கள். அது எங்கும் நிற்காமல், ஒரு முனகல்கூட இல்லாமல் ஒழுங்காக இறங்கிப் போயிற்று.

நான்கு நிமிடத்தில் கழற்றிய கதவை மாட்ட அவருக்கு அரைமணிக்கு மேல் ஆயிற்று. நடுக் கீலை இரண்டுமுறை மாட்டிக் கழற்றினார். இடையில் சமையலறை ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். கீழே பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை. கடைசித் திருகாணியை முடுக்கினார். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டு, இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

காலைக் கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தொப்பியோடு உட்கார்ந்தார்.