அமலி சொன்ன ஜெப விண்ணப்பம்

சபையாரே, டிவி போட்டியில் ஜெயித்ததற்குச் சாட்சி சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். என் வெட்கத்தைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

பாளையங்கோட்டை ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் துணி மடித்து அலுத்துப்போயிருந்தேன். ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர் வேலைக்கு டிவியில் போட்டி வைத்து ஆள் எடுத்தார்கள். நானும் தேர்வாகிச் சென்னைக்குப் போனேன். என் அறையில் தங்கியவள் அமலி, உவரி மீன் வியாபாரி மகள். தினமும் சாயங்காலம் சேர்ந்து ஜெபிப்போம். ஒருநாள், "உனக்கு என்ன விண்ணப்பம்?" என்று கேட்டேன். நம் வழக்கம்தானே.

"அக்கா, முந்தின வேலையில ஒரு லாரி மீனை ஊர் மாத்தி அனுப்பி அழுகவிட்டுட்டேன். வேலையவிட்டு அனுப்பிட்டாங்க. இங்கன யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வேண்டிக்கிடுங்க" என்று அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் இருவர்தான். "அவரை விட்டுவிட்டு உங்களை ஏன் எடுக்க வேண்டும்?" என்றார் நடுவர். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயம். அந்த லாரிக் கதையைச் சொல்லிவிட்டேன். அமலி என் பக்கம் திரும்பவே இல்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

அந்தக் காட்சி டிவியில் வரக்கூடாது என்று உபவாசம் இருந்தேன். வந்தது. என் வீட்டில் கூடியிருந்த நீங்கள் கைதட்டினீர்கள். "நல்லா நறுக்குன்னு சொல்லிட்டா வே!" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுக்காக ஜெபித்த அதே வாய்! அப்போதுதான், "ஆண்டவரே, மறைக்க வேண்டாம், அவளிடம் போகத் துணிவு தாரும்" என்று மன்றாடினேன்.

மறுநாளே உவரிக்குப் பஸ் ஏறினேன். நாங்குநேரியில் துணிவு போய்விட்டது. திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். கூட்டத்தில் நகர முடியவில்லை, பஸ் கிளம்பிவிட்டது. சிரிக்காதீர்கள், அது கர்த்தர் செய்தது.

அமலி மீன் ஏலத்தில் நின்றிருந்தாள். எல்லார் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரலக்கா" என்றாள். பிறகு, "வாங்க, ஜெபம் பண்ணுவோம். ஒங்க விண்ணப்பத்தச் சொல்லுங்க" என்றாள்.

ஜெபத்தில் கேட்ட ரகசியத்தைச் சொல்லித்தான் ஜெயித்தேன் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து வேலையை விட்டேன். மறுபடி துணிதான் மடிக்கிறேன், நிம்மதியாக மடிக்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்களும் யாருக்காவது துரோகம் செய்துவிட்டு அவர்களிடம் போகக் கால் வராமல் இருந்தால், அவரிடம் கேளுங்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அன்று அமலியிடம் நான் என்ன விண்ணப்பம் சொன்னேன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது. இன்றுவரை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.