திருநகருக்கு வந்த எல்லைச்சாமி

எனக்குத் திருநகரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனுசன் பிறந்து போகிறவரை உள்ள எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தாயிற்று. ஒரு மாநிலத்தை அடித்துக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. என் பெரியப்பா மகன்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, மதுரை நடுவுல இருக்கணும். தெக்க கடல் வரைக்கும், மேக்க மலை வரைக்கும். வடக்க எங்கிட்டு நிறுத்துறதுன்னு கமிட்டில இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம். அதை மட்டும் புள்ளி புள்ளியா வச்சு விடு."

அண்ணன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுசு மதுரைக்கும் சென்னைக்கும் ராத்திரி வண்டி ஓட்டியிருக்கிறார். தென்மாவட்டங்களைத் தனி மாநிலமாகப் பிரிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் முன் சீட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். பைக்குள் ஏதோ ஒரு காகிதம், அதற்கு ஏதோ ஒரு பெரிய ஆபீசில் ஒரு கையெழுத்து. திரும்பும்போதும் அதே பை, அதே மடி. என்னய்யா ஆச்சு என்று கேட்டால், "திரும்ப வரச் சொல்லிட்டாங்க" என்பார்களாம்.

எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. தலைநகரம் மதுரைக்கு வந்தால் கட்அவுட் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவரைச் சீண்டுவேன். "அப்புறம் கம்பத்துக்காரன் மதுரை ரொம்பத் தூரம்னு கெளம்புவான்ணே. அவனுக்கும் ஒரு மேப்பு அடிச்சுக் குடுப்போம்" என்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

எங்கள் ஊர் சோழவந்தானுக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால் முடிந்து மானாவாரிக் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊர் எல்லையில் ஒரு கருப்பு. கூரை கிடையாது. ஒரு வேம்பு, ஒரு மேடை, நட்டுவைத்த அரிவாள்கள், அவ்வளவுதான். உச்சி வெயிலில் அந்த வழியாகப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சாமி அண்ணன் மேல்தான் இறங்கும். அவருக்கு முன்னால் பெரியப்பா மேல் இறங்கியது. வீட்டில் மதினி ஒரு அதட்டல் போட்டால் அடங்கிப்போகிற மனுசன், சாமி வந்துவிட்டால் ஊரே அவர் காலில் விழும். காக்கிச் சட்டையைக் கழற்றிய பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

திருநகருக்கு வெளியே ஒருவர் காலி மனை தருவதாகச் சொல்ல, கமிட்டிக்காரர்கள் அங்கே ஒரு கல் ஊன்றத் திட்டமிட்டார்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு கைப்பிடி மண் கொண்டுவந்து கல்லடியில் போட வேண்டும், அதுதான் புது மாநிலத்துக்கு அஸ்திவாரம். மற்றவர்கள் வருகிற வழியில் வயலிலோ ரோட்டோரத்திலோ அள்ளி, கேரிபேக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அண்ணன் முறைப்படி எடுத்தார். வினையே அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பிடிமண் எடுப்பது என்று பெயர். பிழைப்புக்காக வேறு சீமைக்குப் போகிறவர்கள் சாமி மேடையிலிருந்து ஒரு பிடி மண்ணை உத்தரவு கேட்டு எடுப்பார்கள். உத்தரவு என்றால் பல்லி கத்த வேண்டும். கத்தியதும் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் நடக்க வேண்டும். வைக்கிற இடத்தில் சாமி உட்கார்ந்துவிடும். எங்கள் கருப்பே அப்படி எங்கிருந்தோ வந்தவர்தான்.

எல்லோரும் என் கடையில் கூடி, அங்கிருந்து மனைக்குப் போவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையில் அண்ணன் முடிச்சோடு கடைக்கு வந்தார். மனைக்காரர் பின்வாங்கிவிட்டார் என்று அதற்குள் எனக்குப் போன் வந்திருந்தது. ஏதாவது வழி பிறக்கும், பார்ப்போம் என்று அண்ணன் நின்றார். மதியம் தாண்டியும் நின்றுகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. முடிச்சைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார். என் கடையில் டிசைன் போடுகிற பெண் கிறிஸ்தவப் பெண், மிஷன் ஸ்கூலில் படித்தவள், இரக்கக் குணம் ஜாஸ்தி. "குடுங்க அங்கிள்" என்று அவர் கையிலிருந்து வாங்கி, ஃப்ளெக்ஸ் ரோல்கள் நிற்கிற மூலையில் தரையில் வைத்துவிட்டாள். அண்ணன் தடுக்கக் கை நீட்டுவதற்குள் முடிச்சு தரையில் இருந்தது.

கொஞ்ச நேரம் மூலையையே பார்த்தார். பிறகு, "சரி. உக்காந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மற்ற ஊர்க்காரர்கள் விட்டுப்போன மண்ணெல்லாம் கடை வாசலிலேயே கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் அள்ளிக்கொண்டுபோய் ரோஜாத் தொட்டிக்குப் போட்டார். ரோஜா நன்றாகவே பூத்தது. அந்த மஞ்சள் முடிச்சை மட்டும் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் கவனித்தது நாயைத்தான். என் ஷட்டர் நிழலில் வருசக்கணக்காகப் படுத்துக் கிடக்கும் தெருநாய் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று என் கடையைப் பார்த்தது. குரைக்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டியும் இந்தப் பக்கம் வரவில்லை. அப்புறம் மத்தியான நேரங்களில் சுருட்டு வாடை. கடையில் யாரும் பீடிகூடப் பிடிப்பதில்லை. அப்புறம் அந்த மேப். அண்ணன் சொன்ன அளவில் அடித்தபோது, எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக விழுந்தது. மெசின் மெக்கானிக் வந்து, மை பீய்ச்சும் ஹெட்டில் அடைப்பு என்று சொல்லிக் கழுவிவிட்டுப் போனான். அடுத்து அடித்த கல்யாண ஃப்ளெக்ஸ் மாசு மறு இல்லாமல் வந்தது. மேப்பைத் திரும்ப அடித்தேன். அதே இடம், அதே வெள்ளை.

டிசைன் பெண் கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அவளே தன் காலைப் பார்த்தாள். "தெரியலண்ணே" என்றாள்.

ஒருநாள் உச்சிப் பொழுதில் மேப்பைத் திரையில் திறந்து வைத்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லை எதுன்னு கேக்குறாங்கண்ணே."

"யாரு பாப்பா? அண்ணன் போன் பண்ணாரா?"

"போன் இல்லண்ணே. பக்கத்துல நின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நீங்க கேக்கலையா?"

நான் கேட்கவில்லை. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஆடி மாசச் சாமி கும்பிடுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பொங்கல் வைத்து, கிடாக்களுக்கு மாலை போட்டு, உச்சிப் பொழுதில் உறுமிக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் கச்சை கட்டி, அரிவாளோடு மேடை முன்னால் நின்றார். மற்ற வருசங்களில் உறுமி இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் அவர் கண் மாறிவிடும். அன்றைக்கு வெறும் கண்ணாகவே இருந்தது. உறுமிக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் வியர்த்து வழிய நின்றார். ஒரு கட்டத்தில் தானாகவே குதிக்கப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். பொய்யாக ஆட அவருக்கு மனசு வரவில்லை. உறுமி ஒவ்வொன்றாக ஓய்ந்தது. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் அரிவாளைக் கீழே சாய்த்துவிட்டு நின்றாரே, அந்தக் கோலத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

கிடாக்கள் வெட்டப்படாமலே வீடு திரும்பின. வழியில் ஒரு பங்காளி என் தோளைத் தொட்டார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான் தம்பி. மத்தியானத்துல எல்லையத் தாண்டி வாரேன், செருப்புக் காலோட வாரேன். பயமே இல்ல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் கடைக்கு வந்தால் டிசைன் பெண் உள்ளே போகாமல் வாசலில் நின்றிருந்தாள். முந்தின நாள் உச்சிப் பொழுதில் கரண்ட் போயிருந்ததாம். ஃபேன் நின்ற பிறகு, காயப்போட்ட ஃப்ளெக்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆடினவாம், யாரோ நடுவில் குதிக்கிற மாதிரி. சொல்லும்போது அவள் கை கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் வந்தார். மூலைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"தப்பு என்மேலதான் தம்பி. பிடிமண் எடுக்குறப்ப ஒரு வார்த்தை சொல்லணும். இங்கேயும் இரு, அங்கேயும் வான்னு. அப்பத்தான் ஊர்ல பாதி, போற இடத்துல பாதி இருப்பாரு. நான் அப்படிச் சொல்லல. ஒரு ஊரக் காத்தது போதும், முழுசா கெளம்பி வா, நம்ம நாட்டுக்கே இனி நீதான் எல்லைன்னு சொன்னேன். ஒடனே பல்லி கத்துச்சு."

"அதுக்கு இப்ப என்னண்ணே?"

"முழுசா வந்துட்டாரு. நாட்டைக் காணோம். எல்லை எதுன்னு கேக்கத்தான செய்வாரு."

கமிட்டிக்கே வடக்கு எல்லை இன்னும் முடிவாகவில்லை. நான் அதைச் சொல்லிச் சீண்டவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியே இருட்டுவதற்குள் கடையை அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

விஷயம் ஊரில் பரவியது. முதலில் ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்க, தேங்காய் பழத்தோடு என் கடைக்கு வந்தது. பின்னால் கிணறு வெட்டுகிறவர், மாடு தொலைத்தவர், பேரனுக்கு மொட்டை போடுகிறவர் என்று வர ஆரம்பித்தார்கள். சோழவந்தானில் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து திருநகர் பஸ் பிடித்து வந்து, பிரிண்டிங் மெசின் பக்கத்தில் செருப்பில்லாமல் காத்து நிற்பார்கள். சிலருக்குப் பல்லி கத்தியது. பலருக்குக் கத்தவில்லை.

அண்ணன் கடைக்கு வந்திருந்த ஒருநாள், ஒரு பெரியவர் போகும்போது அவரிடமே சொன்னார். "எல்லாத்துக்கும் இம்புட்டுத் தூரம் வர வேண்டியிருக்கப்பா. பஸ்ஸு மாறி வந்து, நின்னு, வெறுங்கையோட போறோம். பக்கத்துலயே இருந்தா என்னா?"

அண்ணனின் கமிட்டி நோட்டீசில் முதல் வரியே கிட்டத்தட்ட அதுதான். நானே அடித்துக் கொடுத்தது. அவர் அந்தப் பெரியவரைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு கமிட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. கூட்டம் என்று போன் வந்தாலும் எடுப்பதில்லை.

சாமியைத் திரும்பக் கொண்டுபோக ஒரே வழிதான் உண்டு. மறுபடி பிடிமண் எடுக்க வேண்டும், அதற்கு மறுபடி உத்தரவு வேண்டும். இந்த முறை வார்த்தையைச் சரியாகச் சொல்வதற்கு அண்ணன் தயார். பல்லிதான் கத்த வேண்டும். என் கடையில் பல்லிக்குப் பஞ்சமில்லை. டியூப்லைட் பக்கத்தில் எப்போதும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற நேரமெல்லாம் கத்தித் தொலைக்கும். அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒன்றுகூட வாயைத் திறப்பதில்லை.

அடுத்த ஆடிக்கு உறுமிச் சத்தத்தில் வெறும் கண்ணோடு நிற்க முடியாது என்கிறார். அதற்குள் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். மதினியும் போனில் அதையேதான் கேட்கிறாள். கும்பிடு நின்றுபோன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

அதனால் தினமும் காலை பஸ்ஸில் வந்துவிடுகிறார். மூலைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புது மஞ்சள் துணி ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். தூங்குவதில்லை. டிசைன் பெண் டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறார். சில நேரம் மூலையிலிருந்து யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்க்கிறார். அந்த நேரத்தில் சுருட்டு வாடை அடிக்கும். நான் மெசினை நிறுத்திவிடுவேன்.

சாயங்காலம் ஊர் பஸ்ஸுக்கு எழுந்திருக்கும்போது, என்னண்ணே ஆச்சு என்று கேட்கிறேன்.

"திரும்ப வரச் சொல்லிட்டாரு" என்கிறார்.