அவள் கண்ணால் ஒரு நிமிடம்

எண்பதுகளின் நடுவில், பழவேற்காடு பக்கம் கோட்டைக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும், ஏரியில் இறால் பிடிக்கும்போது முள் குத்திப் புண்ணாகி, கருவிழி வெள்ளையாகிவிட்டது. ரெண்டு வருஷம் அவளைக் கைபிடித்துத்தான் நடத்திக்கொண்டு போனேன்.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில், இறந்துபோன யாரோ ஒருவருடைய கருவிழியை அவளுக்கு வைத்துத் தைத்தார்கள். கட்டு பிரித்ததும் வெளிச்சம் தெரிகிறது என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தையலைப் பிரித்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. எல்லாம் கோணலாகத் தெரிகிறது, மகள் முகமே இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி கொடுத்தார்கள், அதுவும் ஒத்துவரவில்லை. ஒருநாள் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்தில் படகிலிருந்து இறங்கும்போது காலைத் தப்பாக வைத்துத் தண்ணீரில் விழுந்தாள். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"குருடியா கெடந்தியே, கண்ணு வந்தும் இன்னா கொறை உனக்கு?"

அதற்கப்புறம் அவள் கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது, ஆபரேஷன் பண்ணின டாக்டரம்மாவிடமும் நல்லா தெரியுது என்றே சொன்னாள். அவர் கருவியில் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். இந்தக் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வழியே இல்லையே, ஏம்மா மறைக்கிறே என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. என்னை உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, இன்னொரு கண்ணுக்கு ஒரு சட்டத்தில் ஏதோ கண்ணாடி வில்லைகளைப் போட்டு மாட்டிவிட்டு, "இப்ப உங்க வீட்டம்மாவைப் பாருங்க" என்றார்.

மூக்கு எது, வாய் எது என்று தெரியாமல் அவள் முகம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது. எழுந்து ஓர் அடி வைத்தேன். தரை எங்கே என்று பிடிபடவில்லை. கழற்றிவிட்டேன்.

"இப்டியா தெரியுது உனக்கு?"

"பழகிடுச்சி. நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள். என் குரலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

தைத்த கருவிழி ஒரு திசையில் மேடாகவும் மறு திசையில் தட்டையாகவும் ஆகிவிட்டதாம். மேடான இடத்தில் ஓரமாகக் கீறி, தட்டையான பக்கம் தையல் போட்டு இறுக்கினால் வடிவம் திருந்தும் என்று டாக்டரம்மா விளக்கினார். இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவள்தான் துணிந்து சம்மதித்தாள்.

முழுசாகச் சரியாகவில்லை. ஆனாலும் சில மாதம் கழித்து, கண்ணாடி போட்டால் நேராகத் தெரிந்தது. முதல் தடவை போட்டுக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தவள், "இன்னாயா, இவ்ளோ நரைச்சிட்ட" என்று சிரித்தாள்.

இன்றைக்கும் அவள் ஒண்ணுமில்லை என்று சொன்னால் நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்கிறேன்.