கவுன் கலரில் ஒரு சுவர்

எங்கள் இனியா யு.கே.ஜி. படிக்கிறாள். தனி அறையில் படுக்க வேண்டுமானால், அந்த அறையின் சுவர் அவளுக்குச் சிறிதாகிப்போன மஞ்சள் கவுனின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை கவுனும் கையுமாக பெயிண்ட் கடைக்குப் போனோம். ஷேடு கார்டில் எதுவும் ஒத்துவரவில்லை. கடைக்காரர் மெஷினில் கலந்து, ஒரு அட்டையில் தடவிக் காட்டினார்.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங்கில் வேலையாம்.

“டியூப் லைட்டுல பாக்காதீங்க. வெயிலுக்குக் கொண்டாங்க.”

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். அங்கே ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த அக்கா ஒரு கார்மென்ட்ஸில் வெளிநாட்டு பையர்களுக்குத் துணி சாம்பிள் அனுப்பும் மெர்ச்சண்டைசர். அவரும் கவுனை வாங்கி அட்டையோடு ஒத்துப் பார்த்து, “பெயிண்ட் கொஞ்சம் சிவப்படிக்குதுங்க” என்றார்.

“இல்லீங்க, டல்லா இருக்குது” என்றார் டையிங்காரர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “ஏனுங்க, நான் பெயிண்ட் விக்கறனா, பையருக்கு சாம்பிள் அனுப்பறனா?”

இன்னும் இரண்டு முறை கலந்த பிறகுதான் இருவரும் தலையாட்டினார்கள். இனியா கவுனை அட்டையின்மேல் வைத்துப் பார்த்து, “இதேதானுங்க மாமா” என்றாள். கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுடைய அப்பாவும் நானுமாக மாலைக்குள் சுவரை அடித்து முடித்தோம். அறை பளிச்சென்று ஆகிவிட்டது. இனியா வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“ரொம்ப அழகா இருக்குதும்மா. நீங்க இங்க படுத்துக்கங்க. நான் அப்பாகூடப் படுத்துக்கறேன்.”

பிள்ளைகளைத் தனியாகப் படுக்கவைத்த அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள். அதுவரை விருந்தாளிகள் வரலாம், கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.