மச்சான் கைச்சோறு

நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பர்மாவின் தாமுவேயில் வயரிங் வேலை செய்கிற எனக்குப் பேய் பிசாசு என்றாலே எரிச்சல். எங்கள் கோவிலில் ஒருத்தர் சாமியாடிக் குறி சொன்னபோது, "இன்னிக்குக் கரண்டு எப்ப வரும், அதைச் சொல்லுங்க சாமி" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தவன் நான்.

என் தங்கை கமலாவைக் கட்டிய தங்கராசு மச்சான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலாவைத் தாண்டிய சதுப்பில் வாத்து வளர்த்தார். வாத்து இருந்தால் நரி வரும், நரி வந்தால் விடிகாலையில் நாய்களோடு கோரைக்குள் இறங்கி விரட்டுவார். இறங்குமுன் சோற்றில் நாப்பி பிசைந்து, அதுதான் இங்கே வீட்டுக்கு வீடு நாறுகிற மீன் விழுது, ஒவ்வொரு நாய்க்கும் தன் கையால் ஊட்டுவார். அந்த உருண்டை வாயில் விழாமல் அவை சேற்றில் கால் வைக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை நாய்கள் மட்டும் திரும்பி வந்தன. படகு போட்டு ஊரே தேடியும் ஆள் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் பொட்டை அழிக்க மாட்டேன், காரியம் செய்யவும் விடமாட்டேன் என்று கமலா பிடிவாதம் பிடித்தாள். "அவரு வந்துதான் பிசையணும்ண்ணே" என்று நாப்பிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தவள், அப்புறம் நாப்பியே வாங்கவில்லை. நாய்களும் வேறு யார் கையிலும் சரியாகத் தின்னாமல் எலும்பும் தோலுமாகக் கரையிலேயே கிடந்தன. அவளும் அப்படித்தான் கிடந்தாள்.

நரி மறுபடி வாத்தைத் தூக்க ஆரம்பித்தது. பக்கத்துப் பண்ணை கோ மௌங் ஈட்டியோடு வந்தார், நானும் தடியோடு கிளம்பினேன். வெறும் சோற்றை உருட்டி நீட்டினால் ஒரு நாயும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தின்னுத் தொலைங்க சனியன்களே!" என்று கத்தினேன். அப்போது பனிக்குள்ளிருந்து, "லா... லா... லா..." என்று, அதாவது வாங்கடா என்று, நாய்களைப் பர்மியத்தில் கூப்பிடுகிற மச்சான் குரல். சத்தியமாக அவர் குரல்தான். "கோ ராசு...", ராசண்ணே என்று முணுமுணுத்தார் கோ மௌங், ஈட்டி கையை விட்டு விழுந்துவிட்டது.

நாய்கள் எழுந்து ஓடின, இடுப்பளவு சேற்றில் நாங்களும் பின்னால் போனோம். நரி ஒன்று குறுக்கே போனது, அவை அதைச் சட்டையே செய்யவில்லை. கோரைக்கு நடுவே ஒரு திட்டில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. அங்கே வேரில் சிக்கிக் கிடந்தார் மச்சான், கைலியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அட பாவி மனுஷா, இத்தனை நாளும் இங்கேயா கிடந்தாய் என்று ஓவென்று அழுதேன்.

கரைக்குக் கொண்டுவந்ததும் கமலா முதலில் அவரிடம் போகவில்லை. கிழட்டு நாய் மணியின் வாயைப் பிடித்து முகர்ந்தாள். "ஊட்டிட்டாருண்ணே" என்று சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் முகர்ந்தேன். எல்லா நாய்களின் வாயிலும் நாப்பி நாற்றம், மீசையில் ஈரச் சோற்றுப் பருக்கை. வேறு எங்காவது தின்றிருக்கும் என்பீர்கள். அந்தக் குரல் கேட்கிறவரை கரையை விட்டு அசையாமல் என் கண்ணெதிரே கிடந்த நாய்கள் ஐயா அவை!

அன்று சாயங்காலம் கமலா தானே பொட்டை அழித்தாள். காரியமும் நடந்தது.

இப்போது நாய்கள் என் கையில் தின்கின்றன. ஆனால் உருண்டையை வாங்குமுன் மணி என் தோளுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்து, ஒருதரம் வாலை ஆட்டும். நான் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை.