யான்டினின் ஆறு கிலோமீட்டர்

யான்டின் நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழிக்கிறவள். வயது ஐம்பத்தெட்டு. ஈரக்காலோடு ஓடுகிற பிள்ளைகளை ஒரே விசிலில் உட்கார வைத்துவிடுவாள். தெருவில் அவளைக் கண்டால் பெரியவர்கள்கூடத் தன்னால் நடையைக் குறைப்பார்கள். அவள் அடுத்தவர் சொல்கேட்டு நடப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். ஆகஸ்டில் எங்கள் ஊர் நடைச் சங்கம் நடத்தும் நாற்பது கிலோமீட்டர் நடையன்று, வழியெல்லாம் தொங்கும் அம்புக்குறிகள் சொல்கிறபடி.

எங்கள் பக்கத்து நிலம் இஸ்திரி போட்டது. ஊதாப்பூப் புதர்வெளி, பைன் காடு, மறுபடியும் ஊதாப்பூப் புதர்வெளி. தூரத்தில் மேடு மாதிரி ஏதாவது தெரிந்தால் அது படுத்திருக்கும் ஆடு. இருபத்திரண்டு வருஷமாக யான்டின் இதை நடந்து முடித்து, ஐந்து மணிக்குள் அட்டையில் முத்திரை வாங்கியிருக்கிறாள். இந்த வருஷம் அவளுடைய வலது முட்டி புதுசு. மார்ச்சில் ஆஸ்பத்திரியில் மாட்டியது. நடக்கவே வேண்டாம் என்றார் டாக்டர்.

"நாப்பது நடந்தாத்தான் இது என் கால். இல்லேன்னா ஆஸ்பத்திரிக் கால்" என்றாள்.

அவள் புருஷன் ஹார்ம் உடனே தலையாட்டினான். அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். சங்கத்தில் அம்புக்குறி மாட்டுவது அவன்தான். முதல்நாள் சாயங்காலம் சைக்கிளில் போனவன், ஜூனிபர் புதர் பக்கத்தில் நேரே காட்டவேண்டிய அம்பை ஊரைப் பார்த்துத் திருப்பிவிட்டான். ஆறு கிலோமீட்டர் மிச்சம்! பெண்டாட்டிக்காகச் செய்தது. அதே வழியில் இன்னும் நூற்றெண்பது பேர் வருவார்களே என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

மூணேகாலுக்கே கூட்டம் சங்கக் கட்டடத்தை மொய்த்துவிட்டது. பொரிக்கவேண்டிய உருளைக்கிழங்குக்கு இன்னும் தோல்கூட உரிக்கவில்லை. ஆளாளுக்கு, "இந்த வருஷம் என் வேகத்தப் பாத்தியா!" என்று மார்தட்டல். யான்டின் மட்டும் பைக்குள் கையை விட்டபடி நின்றாள். இரண்டாவது சீஸ் ரொட்டி அப்படியே இருந்தது. முடிவுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு பெஞ்ச் வரும், அதில்தான் அதைத் தின்பாள்.

"ஹார்ம், பெஞ்ச் எங்கே?"

"எந்த பெஞ்ச்?"

"இருபத்திரண்டு வருஷமா நான் குந்துற பெஞ்ச். எந்திரிச்சு நடந்து போயிடுச்சா?"

ஹார்முக்கு வாய் பொய் சொல்லும், காது ஒத்துழைக்காது. இரண்டு காதும் செக்கச்செவேல்.

"முட்டி வலிக்குமேன்னு..."

"யார் முட்டி? உன்னுதா?"

முத்திரை மேசையில் இருந்த பெரென்ட் மைப்பெட்டியை மூடினார். "முப்பத்திநாலுக்கெல்லாம் எங்கிட்ட முத்திரை இல்ல. அட்டையில நாப்பதுன்னுதான் போட்டிருக்கு."

மொத்தக் கூட்டமும் ஹார்மைப் பார்த்தது. கழற்றிய பூட்ஸை அவன் தலையில் எறிவதா, திரும்பக் காலில் மாட்டுவதா என்று ஒருவர் யோசித்து, பெருமூச்சோடு மாட்டினார்.

"பெஞ்ச் வரைக்கும் போய்த் திரும்பினா கணக்கு சரி" என்று யான்டின் கிளம்பினாள். "நீயும் வாடா, வழிகாட்டி."

ஹார்ம் மரச்செருப்போடு டக்கு டக்கென்று பின்னால் ஓடினான். கூட்டம் அவனைத் திட்டிக்கொண்டே முந்திப் போனது. பெஞ்சில் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முட்டி எழுந்திருக்காது என்று தெரியும். நின்றபடியே ரொட்டியைத் தின்று, பாதியை அவன் கையில் திணித்தாள்.

திரும்பும்போது முட்டி வீங்கிவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டர், மணி நாலரை தாண்டியாச்சு.

"தூக்கிக்கவா?"

"தூக்கினா கணக்குல சேராது."

"திட்டவாவது செய்யேன். சும்மா நடக்குற, பயமா இருக்கு."

"திட்டினா மூச்சு வாங்கும். நாளைக்கு வச்சிருக்கேன்."

ஹார்ம் அவள் வலதுபக்கம் வந்து, தோளைத் தாழ்த்தி நடந்தான். கொஞ்சம் பொறுத்து அதில் ஒரு கை விழுந்தது.

"சாயல. ஈ உட்கார்ந்திருந்துச்சு" என்றாள். கையை எடுக்கவில்லை.

மேசைக்கு வந்தபோது நாலு ஐம்பத்தேழு.

"நாப்பதா?" என்றார் பெரென்ட்.

"நாப்பதும் கொஞ்சமும். நடுவுல ஒரு பைன் மரத்துக்குப் பின்னால ஒதுங்கிட்டு வந்தேன்."

டக்கென்று முத்திரை விழுந்தது. ஹார்மும் ஆசையாகக் கையை நீட்டினான்.

"உனக்கு ஆறுதான்யா" என்றார் பெரென்ட்.

"மிச்சம் முப்பத்திநாலப் போய் முடிச்சிட்டு வா" என்ற யான்டின், நாற்காலியில் சரிந்து அந்தக் காலைத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்த அவன் மடியில் போட்டாள். அதற்கப்புறம் அவன் எங்கே எழுந்திருப்பது?