பாய்லரில் பச்சை நெருப்பு

போன வாரம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்தினார்கள். வருடத்தில் பாதி நாள் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிற, துறைமுகத்துக்குப் பக்கத்து மாப்பிள்ளையூரணியில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். என் மனைவி ஆளுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை ஆள் வந்து ஏணி போட்டுவிட்டான். அவன் வேலை முடித்து இறங்கியதும், பராமரிப்புக்கு நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று டைரியும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"சார், இதுல நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுமே கிடையாது. மாட்டியாச்சு, மறந்துருங்க" என்றான்.

லேசாக அவமானமாக இருந்தது. அன்று மாலை அந்த வெந்நீரில் குளித்தேன். சூடு இருந்தது; வாசம் இல்லை. எனக்குத் தெரிந்த வெந்நீருக்கு உடைமர விறகுப் புகையின் வாசம் உண்டு. அந்த வாசத்தோடு எத்தனையோ கப்பல்களின் படுக்கை விரிப்புகள் இந்தத் துறைமுகத்திலிருந்து உலகம் சுற்றப் போயிருக்கின்றன.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கப்பல் சலவைக்கூடத்தில். அப்போதெல்லாம் சரக்குக் கப்பல் உள்ளே வந்தால் நாள்கணக்கில் நிற்கும். விரிப்பு, துவாலை, எஞ்சின் அறைக்காரர்களின் எண்ணெய் ஊறிய உடுப்பு எல்லாம் மூட்டையாக எங்களிடம் வரும். வெளுத்து, காயவைத்து, தேய்த்து, கப்பல் கிளம்புமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை சரிபார்ப்பது என் வேலை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்று சொன்னால் என்னை உங்களுக்கு ஓரளவு புரிந்துவிடும்.

முதலாளியை ஊரே செகண்ட் அண்ணாச்சி என்று கூப்பிடும். கப்பலில் செகண்ட் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீஃப் எஞ்சினியர் ஆகாமலேயே கரையேறிவிட்டோமே என்ற குறை அவருக்கு இருந்தது. அந்தக் குறை தீரத்தான் கூடத்துக்குப் பின்னால், திறந்த வெளியில், மணலைப் பார்த்தபடி தன் கையாலேயே ஒரு விறகு பாய்லரைக் கட்டினார். நடுவில் இரும்பு நெருப்பறை, அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி, வெளியே செங்கல் சுவர், மேலே உயரமான புகைக்குழாய். அதற்கு அவர்தான் சீஃப்.

கப்பல் இல்லாத சீஃபுக்குச் சட்டங்களாவது வேண்டாமா? சுவரில் வெள்ளை பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். நெருப்பறைக் கதவைத் திறக்குமுன் புகைக்குழாயை அடைக்கும் தட்டைத் திற. தட்டைத் திறந்ததும் கதவைத் திறந்துவிடாதே, கொஞ்சம் பொறு. திறக்கும்போது நேர் எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதே. மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை என்றால் நெருப்பைக் குறை, சுட்ட தொட்டியில் பச்சைத் தண்ணீரை விடாதே. ஆவிக் குழாயின் வாயை எதைக் கொண்டும் அடைக்காதே. சாம்பலை மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் போடு, விறகுக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகாதே. கடைசியாகப் பெரிய எழுத்தில்: உலர்ந்த விறகு மட்டும், பெயிண்ட் அடித்தது, தார் பூசியது, உப்பில் ஊறியது கூடாது.

நெருப்பு போடுகிற லூர்தம்மாள் அந்தச் சுவரை நிமிர்ந்தும் பார்த்ததில்லை. "செவுத்துல எழுதுனா? பாய்லருக்கு வாசிக்கத் தெரியுமா அண்ணாச்சி?" என்பாள்.

"உனக்குத் தெரியும்லா ஏளா!"

"எனக்கு வாசிக்க எங்க நேரம் இருக்கு? நான் நெருப்புல்லா போடுதேன்."

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. விடியுமுன்பே வந்து பற்றவைத்துவிடுவாள். அவள் அடுக்கிய விறகு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று நான் நீளவாரியாகத் திரும்ப அடுக்குவேன். "தம்பிக்கு நல்ல பொண்ணா பாக்கணும். இல்லன்னா விறகையே கட்டிக்கிடும்" என்று தேய்ப்புக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். கவலையின் பெயர் சவரிமுத்து; அவள் புருஷன். நல்ல மனிதர், குடிப்பதில்லை. அவரிடம் ஒரு மர வள்ளம் இருந்தது. அடிப்பலகை விண்டு, புழு அரித்து, எங்கள் பாய்லருக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் மணலில் கவிழ்ந்து கிடந்தது. கூட்டாளிகள் எல்லாம் பைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் தினமும் காலையில் போய் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, அதைச் சரிபண்ணப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதா கோயில் கொடியேற்றம் முடியட்டும் என்பார். கொடி இறங்கியதும் வாடைக்காற்று தொடங்கட்டும் என்பார். வாடை தொடங்கினால் அது அடங்கட்டும் என்பார்.

லூர்தம்மாளின் தம்பி துறைமுகத்தில் வேலை பார்த்தான். மச்சானுக்காக ஒரு கிடங்கில் காவல் வேலை சொல்லி வைத்திருந்தான். மாதக் கடைசிக்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள் வந்துவிடும். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், மாதா கோயில் சாமியாரை விட்டுச் சொல்லச் சொன்னாள். "வள்ளத்த இப்பிடிப் போட்டுட்டு எப்பிடி ஏளா போவ?" என்று அவர் நகரவே இல்லை.

அந்த மாதம்தான் எங்கள் பாய்லரில் நெருப்பின் நிறம் மாறியது. மஞ்சளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாக நாக்குகள் எழுந்தன. மயில் தோகை போல இருந்தது. செகண்ட் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. முந்தைய வாரம்தான் நெருப்பறைக் கதவில் காற்றுக்காகப் புதிதாகத் துளைகள் போட்டிருந்தார். "பாத்தியா தம்பி, இதுக்குப் பேருதான் முழு எரிப்பு. புகையில கூட மிச்சம் வைக்காம எரியுது. கப்பல்ல எனக்கு இதச் செய்ய விட்டானுவளா?" என்றார். காலை வேளைகளில் தெரிந்தவர்களை அழைத்து வந்து, பக்கவாட்டில் நிற்க வைத்து, கதவைத் திறந்து காட்டினார். நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன்.

உண்மையை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். லூர்தம்மாள் தினமும் விடியற்காலையில் வரும் வழியில் வள்ளத்தில் ஒரு பலகையைப் பெயர்த்து, விறகுக் கட்டுக்குள் செருகி, தலையில் வைத்துக் கொண்டுவந்து, யாரும் வருமுன் பாய்லருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டு அடுப்பில் எரித்தால் புருஷன் பார்த்துவிடுவான். விற்றால் ஊர் பார்க்கும். பாய்லருக்குள் யார் எட்டிப்பார்க்கப் போகிறார்கள்? வள்ளம் இல்லாமல் போனால் மனிதன் கிடங்குக்குப் போவான். வருடக்கணக்கில் தாரும் உப்பும் குடித்த பலகைகள். செம்பு ஆணிகள் வேறு. பச்சை நெருப்பு அங்கிருந்துதான் வந்தது.

சவரிமுத்துவுக்கு வள்ளம் தேய்வது தெரியாமல் இல்லை. யாரோ திருடுகிறான் என்று முடிவு செய்துவிட்டார். ஒரு ராத்திரி காவல் இருந்து பார்த்தார். அன்றைக்குத் திருடன் வரவில்லை. அதன்பின் தினமும் மாலை எங்களிடம் வந்து முறையிட ஆரம்பித்தார். வந்து எங்கே உட்காருவார் என்கிறீர்கள்? பாய்லர் பக்கத்தில்தான். லூர்தம்மாள் அந்த வெந்நீரில் தேயிலை போட்டுக் கொடுப்பாள். அவர் கால்களை நெருப்பின் கதகதப்பில் நீட்டிக்கொண்டு, தம்ளரை ஊதி ஊதிக் குடித்தபடி சொல்வார்:

"இன்னிக்கும் ஒரு பலகையக் காணும் அண்ணாச்சி. எந்தப் பாவி இப்பிடிச் செய்யுதான்னு தெரியல."

"நாசமாப் போவான்" என்பாள் லூர்தம்மாள், கம்பியால் நெருப்பைக் கிளறியபடி.

"போலீசுல எழுதிக் குடுப்பமால?" என்பார் செகண்ட் அண்ணாச்சி.

"எதுக்கு அண்ணாச்சி போலீசு? எடுத்தவனுக்கு என்ன கஷ்டமோ" என்று அவளே பேச்சை முடித்துவிடுவாள். அவள் எவ்வளவு இளகிய மனசுக்காரி என்று நான் வியந்திருக்கிறேன்.

மாதக் கடைசி நெருங்கியபோது வள்ளத்தில் ஏரா என்கிற அடிக்கட்டையும், முன்முனையான அணியத்துப் பலகை ஒன்றும்தான் மிச்சம். அப்போது ஒரு கப்பல் மறுநாள் கிளம்ப இருந்தது. அதன் விரிப்புகள் எல்லாம் கொடியில் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. காயப்போடும் கொடிகளைப் பாய்லருக்கு வடக்கே கட்டியிருந்தார் அண்ணாச்சி. கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் புகை கடலுக்குப் போகும், வாடை அடித்தால் தெற்கே போகும் என்பது அவர் கணக்கு. அன்று பார்த்துத் தெற்கேயிருந்து காற்று.

சவரிமுத்து வழக்கம்போலத் தேயிலைத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று புகைக்குழாய்க்குள் பெரிய உறுமல் கேட்டது. குழாயின் அடிப்பாகம் சிவந்தது. உச்சியிலிருந்து தீப்பொறியும் கரித்துண்டுகளும் மத்தாப்பூ போலக் கொட்ட, காற்று அவற்றை அள்ளிக்கொண்டு நேரே கொடிகளுக்குப் போனது. தார்ப்புகை உள்ளே ஒட்டி ஒட்டிப் படிந்து, அந்தப் படிவே பற்றிக்கொண்டுவிட்டது.

சவரிமுத்துதான் முதலில் எழுந்தார். வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார்.

"ஊத்தாதலே! சுட்ட இரும்பு வெடிச்சிரும்! எட்டி நில்லுல!" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சி பாய்ந்துவந்து கதவுத் துளைகளை மூடினார். கம்பியால் இழுத்துப் புகைக்குழாய்த் தட்டையும் அடைத்தார். காற்று போகாவிட்டால் நெருப்பு தானே சாகும் என்றார். செத்தது. ஆனால் சாகிறவரை நாங்கள் விரிப்புகளை உருவி உருவி மணலில் போட்டோம். மணலும் கரியுமாக அவை கிடந்த கோலத்தை நான் வர்ணிக்க விரும்பவில்லை.

ஆறியபின் அண்ணாச்சி சாம்பல் கதவைத் திறந்து நீளக் கரண்டியால் வாரினார். சாம்பலோடு ஆணிகள் வந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தார். செம்பு. அவர் முகத்தில் முழு எரிப்பு மெதுவாக அணைவதை நான் பார்த்தேன்.

சவரிமுத்து அந்த ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். தலை ஒரு பக்கம் சப்பிப் போன ஆணி; அவர் அடித்தது. லூர்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமா, நாந்தான் எரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

அவர் ஆணியின் சப்பிய தலையை விரலால் தடவினார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஏராவயும் எரிச்சிருப்பியா?"

"அதத் தூக்க முடியல" என்றாள்.

அவர் ஆணியை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். நாங்கள் விரிப்புகளைத் திரும்ப வெளுத்து, காய நேரமில்லாமல் ஈரத்தோடே மூட்டை கட்டிக் கப்பலுக்கு அனுப்பினோம். எஞ்சின் அறைச் சூட்டில் காய்ந்துவிடும் என்று அண்ணாச்சி அந்தக் கப்பலின் சீஃபுக்கு எப்படியோ புரியவைத்தார். லூர்தம்மாளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் பச்சை நெருப்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

சவரிமுத்து கிடங்குக்குப் போனாரா என்றால், போனார். போவதற்குள் மாதம் பிறந்து வேறு ஆள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து திரும்பியவர், ஏராவை மூட்டைகளுக்கு அடியில் போடச் சுமைகாரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அணியத்துப் பலகையைத் தோளில் வைத்து நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்தார். மஞ்சள் பெயிண்டில் ஒரு சிலுவை அதில் பாதி தெரிந்தது.

"இதையும் போட்டு எரிங்க அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும் எதுக்கு?"

"போட முடியாதுல. உப்புக் கட்ட. செவுத்துல எழுதிருக்கு பாரு."

"இம்புட்டு நாளும் எரிச்சீகளே!"

"அது தெரியாம எரிச்சது. தெரிஞ்சு எப்பிடிலே எரிக்க?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள பூரா உப்பு அரிச்சுக் கெடக்கு. குழாயில தாரு மொத்தமா ஒட்டிக் கெடக்கு. உன் வள்ளம்தானல கெடுத்துச்சு? நீயே சுரண்டு" என்றார்.

அவர் சங்கிலியையும் கம்பித் துடைப்பத்தையும் புகைக்குழாய்க்குள் இறக்கிச் சுரண்டினார். முடித்தபின் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பாய்லருக்கு எதிரே, பக்கவாட்டில்தான், அந்தப் பலகையை இரண்டு செங்கல் மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சுவரில் இருந்த சட்டம் அத்தனையும் அவருக்கு மனப்பாடமாயிற்று. ஒவ்வொரு விறகையும் நாக்கில் வைத்து உப்பு பார்ப்பார். லூர்தம்மாள் கதவில் கை வைத்தால், "ஏளா, தட்டத் தெறந்தியா? பொறு. தள்ளி நில்லு" என்பார்.

அவள் என்னிடம் வந்து புலம்பினாள். "கடக்கரையில கெடந்தப்ப, சாயங்காலந்தான் தம்பி மொகத்தப் பாப்பேன். இப்ப நாள் பூரா எதுக்க உக்காந்து அதிகாரம் பண்ணுதான். இதுக்கா நான் அம்புட்டுப் பலகையச் சொமந்தேன்?"

சம்பள நாளில் மட்டும் புலம்ப மாட்டாள்; அன்று வீட்டுக்கு இரண்டு சம்பளம்.

பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. காலையில் வந்து மாலையில் போகிற கப்பலுக்கு யார் துணி வெளுப்பது? கப்பலுக்குள்ளேயே வாஷிங் மெஷின் இருக்கிறதாம். அண்ணாச்சி மகன் வீட்டோடு போய் அங்கேயே காலமானார். பாய்லரைப் பழைய இரும்புக்காரர்கள் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். சுவர், சட்டங்களோடு, ஒரே தள்ளில் விழுந்தது. இப்போது அங்கே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் டயர் நிழலில் தூங்குகிறார்கள்.

பாய்லரை வெட்டிய அன்று நான் போயிருந்தேன். கடைசித் துண்டு ஏறியதும் சவரிமுத்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். உட்கார்ந்திருந்த அணியத்துப் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்தம்மாள்தான் சும்மாடு சுற்றி அதைத் தலையில் தூக்கி வைத்தாள்.

"எதுக்குக்கா இது?" என்றேன்.

"எதுக்கு? அடுப்பெரிக்கத்தான்."

அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் பலகையோடு நடக்க, "உப்புக் கட்டய எரிக்கக் கூடாது ஏளா, எரிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போனார்.